முதல் எட்டில் வந்த டெக்

திங்கட்கிழமை காலையில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்து விழும். வார இறுதியில் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் நடந்த போக்கிமான் கார்டு போட்டி, அதில் முதல் எட்டு இடம் பிடித்தவர்கள், அவர்கள் ஆடிய டெக்குகள், அதாவது ஆட்டத்துக்கென்று கட்டிய கார்டுக் கட்டுகள். மதியத்துக்குள் கரோசெல் விற்பனைத் தளத்தில் அந்தக் கார்டுகளின் விலை ஏறியிருக்கும். வெள்ளி இரவு கடைக்குப் போனால் பாதி மேசைகளில் அதே டெக். ஒன்பது மணிக்கெல்லாம் அதை ஆடியவர்களில் பலர் தோற்றுவிட்டு, "டெக் சரியில்ல" என்று உறையிலிருந்து கார்டுகளை உருவிக்கொண்டிருப்பார்கள்.

இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பட்டியலில் டெக்கின் பெயரை மட்டும் படித்துவிட்டுக் கடைக்கு ஓடுகிறார்கள். அதற்குக் கீழே இருக்கும் அறுபது கார்டுகளை உட்கார்ந்து படிக்க யாருக்கும் பொறுமை இல்லை.

நான் ஒரு பாலிகிளினிக் மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். நாற்பதைத் தாண்டியாயிற்று. கடையில் என் வயதுக்காரர்கள் ரெண்டு மூன்று பேர்தான். மீதியெல்லாம் செகண்டரி பிள்ளைகள், பாலிடெக்னிக் மாணவர்கள், வெள்ளி மாலை முகாமிலிருந்து புக் அவுட் ஆகிப் பையோடு நேரே வந்து உட்காரும் தேசிய சேவைப் பையன்கள். "காகிதத்துக்கா இவ்வளவு காசு?" என்று அம்மா இன்னும் கேட்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் பட்டியலை எப்படிப் படிப்பது என்று கேட்டால் சொல்ல நிறைய இருக்கிறது.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. ஒரு டெக்கில் சரியாக 60 கார்டு. அடிப்படை எனர்ஜியை (போக்கிமான் அடிக்கத் தேவையான சக்திக் கார்டு) தவிர ஒரே பெயருள்ள கார்டு நாலுக்கு மேல் கூடாது. தொடக்கத்தில் கையில் ஏழு கார்டு. ஆறு கார்டு பரிசுகளாகக் கவிழ்த்து வைக்கப்படும். எதிராளியின் போக்கிமானை வீழ்த்தினால் பரிசை எடுக்கலாம். 'எக்ஸ்' என்று பெயரில் முடியும் பெரிய கார்டுகளை வீழ்த்தினால் பொதுவாக ரெண்டு பரிசு. ஆறையும் முதலில் எடுப்பவர் வெற்றி. இதுபோதும்.

இப்போது அந்த முதல் எட்டு. அதைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, அந்த டெக்கை எத்தனை பேர் கொண்டுவந்தார்கள் என்பது. ஒரு கற்பனைக் கணக்கு. ஆயிரம் பேர் ஆடும் போட்டியில் 250 பேர் ஒரே டெக்கோடு வருகிறார்கள். முதல் எட்டில் ரெண்டு இடம் அந்த டெக்குக்கு. பார்த்தால் பிரமாதம்போல் தெரியும். ஆனால் வந்தவர்களில் நாலில் ஒரு பங்கு, முதல் எட்டிலும் நாலில் ஒரு பங்கு. கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுத்தாலும் இதேதான் கிடைத்திருக்கும். அதே போட்டியில் இருபதே பேர் கொண்டுவந்த டெக் ஒன்று எட்டில் ஓர் இடம் பிடித்தால் அதுதான் செய்தி. அந்த ஓர் இடத்தை வைத்து முடிவெடுக்க முடியாது, ஒருத்தருக்கு நல்ல நாளாகக்கூட இருந்திருக்கலாம். ஆனாலும் அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்காமல் விடக்கூடாது. போட்டி முடிவுகளைத் தொகுக்கும் லிமிட்லெஸ் தளத்தில் பெரிய போட்டிகளுக்கு எந்த டெக் எத்தனை பேர் என்ற பங்கும் கிடைக்கும். வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் அது இருக்காது.

அடுத்து, ஒற்றைக் கார்டுகள். என்னைக் கேட்டால் ஒரு பட்டியலில் சுவாரசியம் இங்கேதான். நாலு நாலாகப் போட்டிருக்கும் கார்டுகள் எல்லாருடைய டெக்கிலும் ஒன்றுதான். ஒன்றே ஒன்று போட்டிருக்கிறாரே, அதில்தான் ஆடியவர் யாரை நினைத்துப் பயந்தார் என்பது தெரியும்.

ராப்ஸ்கா என்று ஒரு கார்டு. டெம்போரல் ஃபோர்சஸ் தொகுப்பில் 2024-இல் வந்தது. ரெல்லோர் என்ற சின்னப் பூச்சியிலிருந்து வளரும். அதை வைத்து யாரும் அடிப்பதில்லை. பெஞ்சில், அதாவது முன்னால் நின்று ஆடுபவருக்குப் பின்னால், உட்கார்ந்திருந்தால், எதிராளியின் தாக்குதலால் நம் பெஞ்சுக்கு வரும் சேதத்தையும் விளைவையும் தடுக்கும், அவ்வளவுதான். இது எதற்கு? டிராகபுல்ட் எக்ஸைச் சமாளிக்க. டிராகபுல்ட்டின் ஃபேண்டம் டைவ் என்ற அடி முன்னால் நிற்பவரை 200 அடித்துவிட்டு, ஆறு சேதக் காய்களை (ஒரு காய்க்கு 10) பெஞ்சில் இஷ்டம்போல் பிரித்து வைக்கும். ரெண்டு முறை அடித்தால் பின்னால் வளர்ந்துகொண்டிருக்கும் குட்டிகள் எல்லாம் காலி. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காய் வைப்பது விதிப்படி 'சேதம்' ஆகாது. பெஞ்சுக்கு வரும் சேதத்தை மட்டும் தடுக்கும் கார்டுகள் இதனிடம் பலிக்காது. 'விளைவு' என்ற சொல்லும் சேர்ந்து அச்சாகியிருப்பதால்தான் ராப்ஸ்கா தடுக்கிறது.

ஆக, ஒரு பட்டியலில் ரெல்லோர் ஒன்று, ராப்ஸ்கா ஒன்று என்று பார்த்தால், அந்த ஆட்டக்காரர் அன்று அரங்கம் முழுக்க டிராகபுல்ட் இருக்கும் என்று எதிர்பார்த்து ரெண்டு இடத்தைத் தியாகம் செய்திருக்கிறார். உங்கள் வட்டாரக் கடையில் டிராகபுல்ட் ஆடுபவர் ஒருவர்தான் என்றால் அந்த ரெண்டு கார்டு உங்களுக்கு எதற்கு? இன்னொன்று: ஆறு கார்டு பரிசுக்குள் போய்விடுவதால், ஒற்றையாய்ப் போட்ட எந்தக் கார்டும் பத்து ஆட்டத்தில் ஓர் ஆட்டத்தில் தொடக்கத்திலேயே சிறைப்பட்டிருக்கும். ரெல்லோர், ராப்ஸ்கா ரெண்டும் வேண்டும் என்றால், ஏதாவது ஒன்றாவது உள்ளே மாட்டிக்கொள்ள 19 சதவீத வாய்ப்பு. உலகத் தர ஆட்டக்காரர் அந்தக் கணக்கைத் தெரிந்தே ஏற்றுக்கொள்கிறார், ஏனென்றால் அவருக்கு மறுபக்கத்தில் பெரிய லாபம் இருக்கிறது. நமக்குச் செலவு மட்டும்தான் மிச்சம்.

கணக்கு என்று ஆரம்பித்துவிட்டதால் இன்னும் ரெண்டு. நாலு பிரதி போட்ட கார்டுகூட முதல் ஏழில் வருவதற்கு 40 சதவீதம்தான். "நாலு போட்டேனே, வரவே இல்லையே" என்று புலம்புகிறவர்கள் இதை எழுதி டெக் பெட்டியில் ஒட்டிக்கொள்ளலாம். அப்புறம், முதல் கையில் அடிப்படைப் போக்கிமான் (இன்னொன்றிலிருந்து வளராத முதல் நிலைக் கார்டு) ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் கலைத்துத் திரும்ப எடுக்க வேண்டும், எதிராளி ஒரு கார்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம். டெக்கில் எட்டு அடிப்படை இருந்தால் இப்படி ஆவதற்கு ஏறத்தாழ 35 சதவீதம், பன்னிரண்டு இருந்தால் 19. பட்டியலில் 'தேவையில்லாத' குட்டி ஒன்றைப் பார்த்து அதை எடுத்துவிட்டு வேறு ஏதாவது போடலாம் என்று கை அரிக்கும்போது இந்த எண்களைப் பாருங்கள்.

ஒரே டெக் ஏன் மாதக்கணக்கில் மேலே நிற்கிறது என்று கேட்டால் நான் சாரிசார்ட் எக்ஸைத்தான் காட்டுவேன். 2023 ஆகஸ்டில் ஆப்சிடியன் ஃபிளேம்ஸ் தொகுப்பில் வந்தது. 330 உயிர். கையிலிருந்து வைத்து வளர்த்தவுடன் டெக்கிலிருந்து மூன்று நெருப்பு எனர்ஜியை எடுத்து ஒட்டிக்கொள்ளும், அதனால் யாரிடமும் எனர்ஜிக்குக் கையேந்த வேண்டியதில்லை. அடி 180, எதிராளி எடுத்த ஒவ்வொரு பரிசுக்கும் 30 கூடும். அவர் ஐந்து பரிசு எடுத்து, இன்னும் ஒன்றுதான் என்று சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நம் அடி 330. பின்தங்கப் பின்தங்கப் பலம் ஏறும் டெக். அதே தொகுப்பில் பிஜியட் எக்ஸும் வந்தது: நம் முறை வரும் ஒவ்வொரு தடவையும் டெக்கிலிருந்து விரும்பிய ஒரு கார்டை எடுத்துக்கொள்ளலாம். எந்தக் கார்டு வேண்டுமானாலும்! பிஜியட் இருக்கும் டெக்கில் ஒற்றைக் கார்டுகள் குவிந்திருப்பதற்குக் காரணம் இதுதான். தேடி எடுக்கும் பறவை ஒன்று பெஞ்சில் இருந்தால் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் போடலாம். அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு, பறவை இல்லாத வேறு டெக்கிலும் ஒற்றை ஒற்றையாய்ப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

2024-இல் டஸ்க்நோர் சேர்ந்தது இன்னும் அழகு. அது தன்னையே வீழ்த்திக்கொண்டு எதிராளியின் ஒரு போக்கிமான் மேல் 13 சேதக் காய் வைக்கும், அதாவது 130. தானே விழுந்ததால் எதிராளிக்கு ஒரு பரிசு போகும். மற்ற டெக்குக்கு அது நஷ்டம். சாரிசார்டுக்கோ அந்தப் பரிசும் 30 கூடுதல் அடி. ஒரு டெக்கில் நஷ்டக் கணக்கே லாபக் கணக்காக மாறும்படி ரெண்டு கார்டைக் கோத்தது யாரோ தெரியாது, அவருக்கு ஒரு தே தாரே வாங்கிக் கொடுக்க வேண்டும்.

பட்டியலின் தேதியையும் பாருங்கள். கார்டின் கீழ் மூலையில் ஓர் எழுத்து இருக்கும். ஒவ்வொரு வருஷமும் பழைய எழுத்து ஆட்டத்திலிருந்து விலக்கப்படும். 2025 ஏப்ரலில் 'எஃப்' போனது. கார்டெவோர் எக்ஸ் 'ஜி' என்பதால் அப்போது தப்பித்தது, ஆனால் அதன் உயிர்நாடியான பழைய கிர்லியா போய்விட்டது. ஒரு கார்டை விட்டெறிந்து ரெண்டு எடுக்கும் அந்தக் கிர்லியாதான் டெக்கை ஓட்டிக்கொண்டிருந்தது. ஏப்ரலுக்கு முன்னும் பின்னும் பட்டியலில் பெயர் 'கார்டெவோர்' என்றே இருக்கும், உள்ளே ஆடும் விதம் வேறு. பழைய காணொளியைப் பார்த்துப் புது டெக்கை ஆட முடியாது.

பெரிய பட்டியல்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதற்கு உலகப் போட்டிகளே நல்ல பாடம். 2016, சான் பிரான்சிஸ்கோ. ஜப்பானின் ஷின்டாரோ இட்டோ மெகா ஆடினோவோடு வந்து வென்றார். அதுவரை நிறைய பேரின் பைண்டரில் தூங்கிக்கொண்டிருந்த கார்டு அது. 2022, லண்டன். அந்த வருஷம் எங்கு பார்த்தாலும் பால்கியா விஸ்டார். பால்கியாவின் பலவீனம் மின்னல். செக் நாட்டின் ஒன்ட்ரே ஷ்குபால் ஆர்சியஸோடு ஃபிளையிங் பிக்காச்சு விமேக்ஸைச் சேர்த்துக்கொண்டு வந்தார். இருபத்தைந்தாம் ஆண்டு நினைவாக, பலூன் கட்டிப் பறக்கும் பிக்காச்சு! அழகுக்கு வாங்கி வைத்த கார்டு. அது மின்னல் வகை. அடித்த பிறகு அடுத்த சுற்றில் அடிப்படைப் போக்கிமான்களால் அதற்குச் சேதமும் வராது. கோப்பை அவருக்கு. அந்தப் பட்டியலை அடுத்த மாதம் அப்படியே எடுத்து ஆடியவர்கள் பால்கியா இல்லாத மேசையில் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

2024, ஹொனலூலு எனக்கு இன்னும் பிடித்தது. சிலி நாட்டின் ஃபெர்னாண்டோ சிஃபுவென்டஸ் அயர்ன் தோர்ன்ஸ் எக்ஸோடு வென்றார். இந்த முள் உருவம் முன்னால் நிற்கும்வரை எக்ஸ், வி போன்ற பெரிய போக்கிமான்களின் சிறப்புத் திறன்கள் எதுவும் வேலை செய்யாது. ஃபியூச்சர் வகைக்கு மட்டும் விலக்கு. பிஜியட் தேடாது, சாரிசார்ட் எனர்ஜி ஒட்டாது. எல்லாரும் திறன்களை நம்பிக் கட்டிய வருஷத்தில் மின்சாரத்தையே அணைத்துவிட்ட டெக் அது. ஆனால் ஒன்று தெரியுமா? அரையிறுதியில் மேசையில் ஆடிய ஆட்டத்தில் சிஃபுவென்டஸ் தோற்றார். வென்றவர் கேமரா முன் செய்த ஒரு தகாத சைகைக்காகத் தகுதி நீக்கப்பட்டார், சிஃபுவென்டஸ் இறுதிக்குப் போனார், அங்கே வென்றார். அவர் வெற்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அரையிறுதி வரை வந்ததே பெரிய காரியம், இறுதியில் ஆடித்தான் வென்றார். ஆனால் பட்டியலில் 'முதலிடம்: அயர்ன் தோர்ன்ஸ்' என்று ஒரு வரி மட்டும் இருக்கும்.

ஆட்டக்காரர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஜேசன் கிளாசின்ஸ்கி 2006, 2008, 2013 என்று மூன்று முறை உலகப் பட்டம் வென்றவர். மூன்று முறையும் வெவ்வேறு டெக்.

சரி, நம் கடைக்கு வருவோம். பெரிய போட்டியில் ஒரு சுற்றுக்கு 50 நிமிடம், மூன்றில் ரெண்டு ஆட்டம் வெல்ல வேண்டும். வென்றால் 3 புள்ளி, சமநிலைக்கு 1. எங்கள் கடையில் வெள்ளிக்கிழமை ஒரே ஆட்டம். முதல் ஆட்டத்தில் மாட்டிக்கொண்டாலும் அடுத்த ரெண்டில் மீளலாம் என்று கட்டிய டெக்குக்கு இங்கே மீள நேரமே இல்லை. எதிர்பாராமல் அடிக்கும் டெக்குக்கு இங்கே கொண்டாட்டம். எதிரே யார் உட்காருகிறார்கள் என்பதும் வேறு. தேசிய சேவைப் பையன்கள் முகாமுக்குள் பயிற்சி ஆட முடியாததால் போன மாதத்து டெக்கோடு வருவார்கள், ஆனால் அதை மனப்பாடமாக ஆடுவார்கள். செகண்டரி பிள்ளைகள் திங்கட்கிழமைப் படத்தில் இருந்ததைக் கொண்டுவருவார்கள். ஓர் அங்கிள் எதிராளியின் டெக் தீர்ந்துபோகும்வரை கட்டிப்போட்டு ஆடுவார். அவரோடு உட்கார்ந்தால் கடைசி பஸ்ஸை மறந்துவிட வேண்டியதுதான். இந்த மூன்று வகையினரும் எந்த உலகப் பட்டியலிலும் இல்லை. நான் சின்ன நோட்டில் யார் என்ன ஆடினார்கள் என்று எழுதி வைக்கிறேன். எனக்கு லிமிட்லெஸைவிட அந்த நோட்டுதான் அதிகம் உதவுகிறது.

உடம்பும் ஒரு கணக்கு. கார்டெவோர் எனக்கு மிகப் பிடித்த டெக். விட்டெறிந்த கார்டுகளிலிருந்து சைக்கிக் எனர்ஜியை எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்து ஒட்டலாம், ஒவ்வொரு முறையும் ரெண்டு சேதக் காய் வாங்கிக்கொண்டு. தன் ஆள் சாகாமல் எத்தனை ஒட்டலாம், எத்தனை ஒட்டினால் எதிராளி சாவான் என்று ஒவ்வொரு சுற்றிலும் கூட்டல் கழித்தல். நாள் முழுக்க கவுண்டரில் நின்று மாத்திரை எண்ணிவிட்டு வந்த தலைக்கு மூன்றாம் சுற்றில் அது ஓடாது. அதனால் வேலை நாளில் ரேஜிங் போல்ட் எக்ஸ் எடுத்துப் போகிறேன். எனர்ஜி சேர், விட்டெறி, ஒவ்வொன்றுக்கும் 70. முடிந்தது. அது கார்டெவோரைவிட நல்ல டெக்கா என்று கேட்காதீர்கள். வெள்ளி இரவு ஒன்பது மணிக்கு என் கையில் அதுதான் நல்ல டெக்.

காசு விஷயம் சுருக்கமாக. பேக் கிழித்து டெக் கட்டாதீர்கள், ஒற்றைக் கார்டாக வாங்குங்கள். படம் பெரிதாக அச்சிட்ட, தங்கம் பூசிய பதிப்புகள் ஆட்டத்தில் சாதாரணப் பதிப்பைவிட ஒரு புள்ளிகூட அதிகம் அடிப்பதில்லை. திங்கட்கிழமை விலைக்கு வாங்காதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள். அதற்கு முன் போக்கிமான் டிசிஜி லைவ் செயலியில் அதே அறுபதையும் இலவசமாகக் கட்டி ஆடிப் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இவ்வளவும் எழுதக் காரணம் என் தம்பி மகன் அரவிந்த். செகண்டரி நாலு, வருஷக் கடைசியில் ஓ லெவல் தேர்வு. "அத்தை, எந்த டெக் எடுக்கணும், பேர் மட்டும் சொல்லுங்க" என்று கேட்டிருந்தான். பேர் மட்டும் சொல்கிற ஆளா நான்? அவன் சாரிசார்டை வந்த நாளிலிருந்து ஆடுகிறான், கண்ணை மூடிக்கொண்டு பிஜியட்டைக் கட்டுவான். அதனால், "சாரிசார்டையே வெச்சுக்கோ, டஸ்க்நோர் சேரு, அந்த ராப்ஸ்காவை எடுத்துடு, அதுக்குப் பதிலா அங்கிளுக்கு எதிரா ஏதாவது ஒண்ணு போடு" என்று நீளமாக எழுதி அனுப்பினேன்.

பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது. சாரிசார்ட் மொத்தத்தையும் நேற்றே ஒரு தேசிய சேவை அண்ணனிடம் கொடுத்து டிராகபுல்ட் வாங்கிவிட்டானாம்.

"ஆனா அத்தை, டிராகபுல்ட் எக்ஸ் மூணுதான் இருக்கு. நாலாவது வாங்கணுமா?"

"மூணு போதும். அதுக்கு முந்தின நிலை டிராக்லோக் நாலு இருக்கா பாரு."